பிச்சாண்டியைப் பந்தயம் வைத்த ராஜா

கருவேலங்கோட்டை ராஜா மருதப்ப பூபதிக்கு இரண்டே ஆசைகள். ஒன்று பச்சைப்புல், இன்னொன்று பந்தயம். இரண்டையும் சேர்த்து அவர் உண்டாக்கிய திருவிழாதான் வருஷா வருஷம் நடக்கும் புல்தரை டென்னிஸ் போட்டி. ஊரில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, அரண்மனைப் புல்லுக்கு இரண்டு வேளையும் உண்டு. போட்டி வந்துவிட்டால் ஜனங்கள் வேலைவெட்டியை மூட்டை கட்டிவிட்டுப் பந்தயத்தில் இறங்குவார்கள். பால்காரர் எருமையை வைப்பார். நாவிதர் ஆறு மாதச் சவரத்தை வைப்பார்.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றவன் பக்கத்துச் செம்பாறை சமஸ்தானத்துப் பெத்தண்ணன். அப்பப்பா, என்ன கை அது! அவன் அடித்தால் சத்தம்தான் கேட்கும், பந்து கண்ணில் படாது. அவனோடு மோத வேண்டிய கருவேலங்கோட்டை வீரன் முந்தின நாளே வயிற்றுவலி என்று சொல்லி மாமியார் ஊருக்குக் கம்பி நீட்டிவிட்டான்.

போட்டி பார்க்க வந்திருந்த செம்பாறை ராஜா வீரகேசரி சபையில் உட்கார்ந்து சிரித்தார். "என்ன பூபதி, உங்கள் ஊரில் மட்டை பிடிக்க ஓர் ஆண்பிள்ளை கூட இல்லையா?"

அரண்மனை விகடகவி பிச்சாண்டி அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அவன் பிச்சாண்டியா?

"இதென்ன பிரமாத வித்தை, மகாராஜா? பந்து வந்தால் வலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டியதுதானே" என்றான்.

"கேட்டீர்களா?" ராஜா தொடையைத் தட்டினார். "நாளைக்கு என் பிச்சாண்டி ஆடுவான்! ஜெயித்தால் உங்கள் வெள்ளைக் குதிரை எனக்கு. தோற்றால் நீங்கள் கேட்பது உங்களுக்கு."

வீரகேசரி மீசையை முறுக்கினார். "தோற்றால் இந்தப் பிச்சாண்டியே எனக்கு வேண்டும். காலமெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதும் கவிதைகளைக் கேட்கட்டும்."

பிச்சாண்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். வீரகேசரியின் கவிதையை ஒருமுறை கேட்ட சமையற்காரன் இன்னும் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாமல் தடுமாறுகிறான். இவன் ஆயுசுக்கும் கேட்க வேண்டுமாம்!

வீட்டுக்கு ஓடிப் போய் மனைவி உண்ணாமுலையிடம் புலம்பினான். "ஊரே பெத்தண்ணன் மேல கட்டுது. நீயாவது என் மேல கட்டுவியா?"

"என் ரெண்டு ஆட்டையும் பெத்தண்ணன் மேலதான் கட்டியிருக்கேன்" என்றாள் அவள். "நலங்குல நான் உருட்டின தேங்காயையே உங்களால பிடிக்க முடியலை. பந்தையா பிடிக்கப் போறீங்க?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு ஆடு ஆச்சுன்னா, வித்து வண்டி பிடிச்சாவது உங்களைச் செம்பாறைக்கு வந்து பார்ப்பேன்ல."

பாவி, அழ வைத்துவிட்டாளே என்று பிச்சாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு புல்தரைப் பக்கம் போனான். அங்கே வீரகேசரி பொழுதுபோக்காகப் பெத்தண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தார். தலையில் இறகு வைத்த தலைப்பாகை. பின்னால் சேவகர்கள் "பராக்! பராக்!" என்று முழங்கினார்கள். ராஜா மட்டையை வீசினார். பந்து தவழ்ந்து வந்தது. பெத்தண்ணன் பாய்ந்து போய் அதை வலைக்குள்ளேயே அடித்தான். "ஆகா! பிரபு அடித்த அடியை யாரால் எடுக்க முடியும்!" என்று நெற்றியில் அறைந்துகொண்டான். அடுத்த பந்தும் வலைக்குள்ளே. அதற்கடுத்ததும் அப்படியே.

பிச்சாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே தன் ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, நாளைக்கு உங்கள் இறகுத் தலைப்பாகை எனக்கு வேண்டும். "பராக்" சொல்லக் கட்டியக்காரர்களும் வேண்டும்."

"என் தலைப்பாகையா? உன் தலைக்கா?"

"உங்கள் மானத்தையே என் தலையில் வைத்துவிட்டீர்கள். தலைப்பாகையை வைத்தால் என்ன?"

மறுநாள் ஊரே திரண்டது. காதுவரை இறங்கிய தலைப்பாகையோடு பிச்சாண்டி வந்து நின்றதும் ஒரே சிரிப்பு. பெத்தண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை மேலே போட்டான். பிச்சாண்டிக்குப் பின்னாலிருந்து "பராக்! பராக்!" என்று முழக்கம் எழுந்தது. எதிரே இறகு ஆடியது. அவ்வளவுதான், பெத்தண்ணனின் கை துவண்டது. பந்து வலையில் போய் விழுந்தது.

"மன்னிக்கணும் பிரபு!" என்று வாய் வேறு முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்புறம் பிச்சாண்டியின் மட்டையில் பந்து தானாகவே பட்டு, தானாகவே அந்தப் பக்கம் போனது. பெத்தண்ணன் கும்பிட்டு வழிவிட்டான்! ஆளுக்கு ஜெயிக்கத்தான் ஆசை. கை கேட்டால்தானே? தினம் தினம் பழகிய கை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பெத்தண்ணன் தோற்றே போனான்.

வீரகேசரி எரிந்து விழுந்தார். "மோசடி! இந்தப் பயல் வேண்டுமென்றே தோற்றான். ஆட்டம் செல்லாது!"

பிச்சாண்டி தலைப்பாகையைத் தூக்கிவிட்டுக்கொண்டு கைகட்டி நின்றான். "பிரபு, வேண்டுமென்றே தோற்க இவருக்குத் தெரியுமா என்ன? தினமும் இவரோடு ஆடி ஜெயிக்கிறவர் நீங்கள். நீங்களே சபையறியச் சொல்லுங்கள். இவர் என்றைக்காவது அப்படித் தோற்றிருக்கிறாரா?"

வீரகேசரி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இல்லை" என்றார் கடைசியில். "ஒருநாளும் இல்லை. குதிரையைப் பிடித்துக் கொடுங்கள்."

மருதப்ப பூபதி அரண்மனைக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்தார். குதிரையைப் பிச்சாண்டிக்கே கொடுத்தார். "பலே ஆளடா நீ! பாவம் அந்த மனுஷன், தன் ஆட்கள் விட்டுக்கொடுப்பது கூடத் தெரியாமல் இத்தனை காலம் ஜெயித்திருக்கிறானே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது சரி, நேற்று வேலிக்கு வெளியே நின்று சும்மா பார்த்ததாகச் சொல்கிறாய். பார்த்த மாத்திரத்தில் பெத்தண்ணன் விட்டுக்கொடுக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?"

சந்தோஷத்தில் பிச்சாண்டி கொஞ்சம் நிதானம் தவறிவிட்டான்.

"இது ஒரு பெரிய விஷயமா, மகாராஜா? இத்தனை வருஷமாக நான் உங்களோடு சொக்கட்டான் ஆடித் தோற்கிறேனே!"