மருதாசலம் ஒயர் மாத்தின வண்டி

மழை விட்ட மறுநாள் காலையிலேயே நஞ்சப்பன் வந்து மருதாசலத்தின் வாசலில் நின்றார். தோட்டத்து மண் பதமாக இருந்தது. வெதைக்கடலை உடைத்துத் தயார். பொழுது சாய்வதற்குள் உழவு ஓட்டாவிட்டால் ஈரம் பறந்துவிடும், அப்புறம் இந்தப் பட்டம் போனது போனதுதான். அவரிடம் ஓட்டுவதற்கு இருந்த ஒரே சின்ன டிராக்டரோ, "இஞ்சினைப் பிரிச்சு, ஒயரெல்லாம் புதுசா மாத்தித் தர்றனுங்க" என்று தங்கச்சி வீட்டுக்காரன் மருதாசலம் சொல்லி எடுத்து வந்ததிலிருந்து இங்கே வேப்பமரத்தடியில்தான் நின்றது.

"வண்டி ஆச்சா மாப்பிள்ளை?"

"ரொம்ப ஆயிப்போச்சுங்க மச்சான். அதுதான் சிக்கலே."

கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். பக்கத்தில் தங்கச்சி பாப்பாத்தி கொடியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒயர் மாத்தினதும் முன்லைட்டைப் போட்டுப் பாத்தனுங்க. பட்டப்பகல்! எதிர்க் காட்டுச் சூரியகாந்தி பூராவும் சூரியனை உட்டுட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு."

"சரி, வண்டிச் சாவியக் குடு."

"இருங்க. ஹாரனை லேசாத் தொட்டேன். பல்லடம் ரோட்டுல போன பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழி உட்டுருச்சு. ஒண்ணு ரெண்டு இன்னும் பள்ளத்தை உட்டு ஏறலையாம், பயத்துல."

"பல்லடம் ரோடு எங்க கெடக்குது, நீ எங்க இருக்கறே?"

"அதனாலதாங்க ஒதுங்கறதோட போச்சு. கிட்டத்துல இருந்திருந்தாக் கவுந்திருக்கும்."

வெயில் ஏற ஏற நஞ்சப்பன் தோட்டத்துப் பக்கமே பார்த்தார். மண்ணு காஞ்சுட்டு இருக்குது, இவன் பஸ்ஸை ஒதுக்கிட்டு இருக்கறான்!

"அப்புறம் கியரைப் போட்டனுங்க. ஓடிரக் கூடாதேன்னு இந்த வேப்பமரத்துல சங்கிலி போட்டுக் கட்டித்தான் வெச்சிருந்தேன். மரத்தோட கெளம்பிருச்சு."

நஞ்சப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மரம் இங்கதான நிக்குது?"

"கொண்டாந்து திருப்பி நட்டனில்லைங்களா. காக்காக் கூட்டுல ஒரு முட்டை உடையல."

"வண்டிய எப்படி நிறுத்துனே?"

"பொறகாலயே ஓடி, கொக்கிய இந்த ஒத்தைக் கையில புடிச்சனுங்க. அது முன்னால இழுக்குது, நான் பின்னால இழுக்கறேன். கடைசியில வண்டிக்கு மூச்சு வாங்கிருச்சு. எனக்கு வாங்கல. வண்டி, மரம் ரெண்டையும் சேத்து வூட்டுக்கு இழுத்துட்டு வந்தேன்." மருதாசலம் பெருமூச்சு விட்டான். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மச்சான். இதை உங்க தோட்டத்துல எறக்குனா ஒரே உழவுச் சால்ல தோட்டம் கெணறாயிரும்."

நஞ்சப்பன் எழுந்து போய் பானட்டைத் தூக்கினார். உள்ளே பேருக்குக்கூட ஒரு ஒயர் இல்லை. மெதுவாக மூடினார். பாப்பாத்தியின் கொடி அப்போதுதான் கண்ணில் பட்டது. சேப்பும் பச்சையும் மஞ்சளுமாக முறுக்கிய கொடி.

"இந்தக் கொடி ஏது பாப்பாத்தி?"

"இவருதாங்கண்ணா வண்டிக்குள்ள இருந்து உருவிக் குடுத்தாரு. சித்திரையில இருந்து இதுலதான் துணி காயப்போடறேன்."

"அதுல இன்னும் கரண்டு இருக்குதுங்க மச்சான்," என்றான் மருதாசலம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "போட்டவுடனே துணி காஞ்சுரும்."

பாப்பாத்தி விடியக்காலையில் போட்ட சேலையைப் பிழிந்தாள். சொட்டச் சொட்டத் தண்ணி விழுந்தது.

நஞ்சப்பனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை அறைந்திருக்கலாம். ஆனால் அறைந்தால் கடலை முளைக்குமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏன் மாப்பிள்ளை, வண்டி இழுத்தது மரத்தை மட்டுந்தான?"

"ஆமாங்க."

"நீ இழுத்தது வண்டியையும் மரத்தையும்?"

"ஒத்தைக் கையிலீங்க!"

"அப்ப வண்டி கெடக்கட்டும். எந்திரி. கலப்பை தோட்டத்துலயே இருக்குது, அதுல உன்னையக் கட்டிக்கலாம்."

பாப்பாத்தி ஈரச்சேலைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கொடியை அவிழ்த்து அண்ணனிடம் நீட்டினாள்.

"கட்டறதுக்கு இது ஆகும் பாருங்கண்ணா."