மகிழங்குப்பத்து மேயர் காலமான கதை

பிரெஞ்சுக்காரன் ஆண்ட கடலோரத்திலே மகிழங்குப்பம்னு ஒரு குட்டி ஊர். எந்தத் தேசப்படத்திலேயும் தேடாதீங்க, கிடைக்காது. ஆனாலும் அதுக்குத் தனி நகரசபை, தனி மேயர், மூவர்ணக் கொடி எல்லாம் உண்டு. சரித்திரம்கூட உண்டு, கொஞ்சூண்டு. ஒரு பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டிச்சு; இறங்கினவன் திரும்பிப் போகலை. இங்கிலீஷ்காரன் ரெண்டு தடவை ஊரைப் பிடிச்சான். வெயில் தாங்காம ரெண்டு தடவையும் திருப்பிக் கொடுத்துட்டான். அவ்வளவுதான். ஊர் ஜனங்க பேசற பிரெஞ்சும் அந்த அளவுதான். பார்த்தா "போன்ழூர்". கொடுத்தா "மெர்சி". கொடுக்கலைன்னா இன்னொரு வார்த்தை, அதை இங்கே எழுத முடியாது.

ஊருக்கு இருந்த ஒரே சொத்து நல்லதண்ணிக் குளம். சுத்துவட்டாரம் முழுக்க உப்புத்தண்ணி. பக்கத்து ஊர் பெருங்கரை. அதோட மேயர் வரதப்பருக்கு ரொம்ப நாளா அந்தக் குளத்து மேலே ஒரு கண்ணு.

பங்குனி மாசம் அவர் ஆளுநர் துரைகிட்டே போய் ஓதினார்.

"ஐந்நூறு பேருக்குக் குறைஞ்ச ஊருக்குத் தனி நகரசபை கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க. தை மாசக் கணக்கெடுப்பிலே மகிழங்குப்பம் முந்நூத்து ஐம்பத்திரண்டுதான். எங்களோட சேர்த்துடுங்க, குளத்தை நாங்க பார்த்துக்கறோம்."

துரை அன்னிக்கு நல்ல குஷியிலே இருந்தார். அவரோட மச்சினர் மாசி மாசத் தேர்தல்லே ஜெயிச்சு, புதுக் கோட்டு போட்டுக்கிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சேர்த்துடலாம்"னு துரை சொல்லிட்டார்.

சேதி கேட்டு மகிழங்குப்பம் மேயர் சூரியமூர்த்தி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "துரை! குளம் போச்சுன்னா எங்க பிள்ளைங்க உப்புத்தண்ணி குடிச்சுத்தான் சாகணும். நாங்க ஐந்நூத்து இருபத்துமூணு பேர் இருக்கோமுங்க!"

துரை கணக்கெடுப்புப் பதிவேட்டைப் புரட்டினார். "முதல் வீடு, மேயர் வீடு. மனைவி பவளக்கொடி. புருஷன் காலமானார்."

"ஐயோ, நான்தாங்க அந்தப் புருஷன்!"

"காகிதத்திலே அப்படி இல்லையே."

துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவிலே மொழிபெயர்க்கிற துபாசி பிலவேந்திரன் கொல்லுனு சிரிச்சிட்டார். ஆளு மெலிசு, வாய் பெருசு. "துரை, என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன். கணக்கெடுக்க வந்தவர் பாரீஸ்லேருந்து புதுசா இறங்கினவர். ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போன நேரமாப் பார்த்துப் போயிருக்கார். அவங்கவங்க வீட்டுக்கு அந்தந்த வீட்டம்மாதான் பதில் சொல்லணும், பக்கத்து வீடோ பிள்ளைங்களோ வாய் திறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டார். புருஷன் பேர் என்னன்னு கேட்டிருக்கார். எங்க பொம்பளைங்க செத்தாலும் புருஷன் பேரைச் சொல்வாங்களா? இவர் பேர் சூரியமூர்த்தி. அந்தம்மா பேசாம மேலே சூரியனைக் காட்டியிருக்காங்க."

"அதுக்கு?"

"அவர் தொப்பியைக் கழட்டி, சிலுவை போட்டுக்கிட்டு, காலமானார்னு எழுதிட்டார்! அடுத்த வீட்டிலே புருஷன் பேர் சமுத்திரம். அந்தம்மா கடலைக் காட்டியிருக்காங்க. மூழ்கிட்டார்னு எழுதிட்டார். மூணாவது வீட்டுப் பொண்ணு வெட்கப்பட்டு முந்தானையாலே முகத்தை மூடியிருக்கு. அழுகைன்னு நினைச்சு அதையும் எழுதிட்டார். இப்படியே நூத்து எழுபத்தொரு பேரை ஒரே நாள்லே தீர்த்துக்கட்டிட்டார். காலரா வந்தாக்கூட இவ்வளவு வேகமா வராது."

மச்சினர்கூடச் சிரிச்சிட்டார். ஆனா வரதப்பர் விடலை. "ஆளைக் கொண்டாந்து நிறுத்தினா நம்பாதீங்க துரை. வெளியூர்லேருந்து கூட்டிட்டு வருவாங்க."

துரைக்கு அது நியாயமாப் பட்டுச்சு. "சரிதான். அரசாங்கக் காகிதத்தை அரசாங்கக் காகிதம்தான் மாத்தும். அந்த நூத்து எழுபத்தொரு பேரும் தை மாசத்துக்குப் பிறகு உயிரோட இருந்தாங்கன்னு, என் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதம் வேணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ளே. நான் புதுசா எதிலேயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

சூரியமூர்த்தி தலையிலே கை வெச்சுக்கிட்டார். கிடைக்காத காகிதத்தை எங்கே போய்த் தேடறது? வரதப்பர் பெருங்கரைக்கு ஆளனுப்பிப் புதுக் குடம் வாங்கச் சொல்லிட்டார்.

மறுநாள் பிலவேந்திரன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டாந்து மேசையிலே வெச்சார். "தங்களோட கையெழுத்துதானே துரை?"

"ஆமா."

"தங்களோட முத்திரைதானே?"

"ஆமாய்யா, என்ன இது?"

"மாசித் தேர்தல் பதிவேடு. மகிழங்குப்பம் சாவடி. முதல் கையெழுத்து மேயர் சூரியமூர்த்தி. ரெண்டாவது கைநாட்டு சமுத்திரம். தையிலே செத்துப்போன நூத்து எழுபத்தொரு பேரும் மாசியிலே வரிசையிலே நின்னு ஓட்டுப் போட்டிருக்காங்க. எல்லா ஓட்டும் தங்களோட மச்சினருக்கு."

பிலவேந்திரன் மச்சினர் பக்கம் திரும்பி ரொம்பப் பணிவாக் கேட்டார். "ஐயா எத்தனை ஓட்டு வித்தியாசத்திலே ஜெயிச்சீங்க?"

"தொண்ணூறு"ன்னார் மச்சினர்.

"துரைதான் முடிவு சொல்லணும். இவங்க உயிரோட இருக்காங்களா? இல்லே, மச்சினர் கோட்டைக் கழட்டட்டுமா?"

துரை மச்சினரைப் பார்த்தார். வீட்டுக்காரியை நினைச்சார். மேசையைத் தட்டித் தட்டிக் கண்ணிலே தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். "எழுப்பு! எல்லாரையும் எழுப்பு!"ன்னு கத்திக்கிட்டே, ஊரைப் பெருங்கரையோட சேர்க்க எழுதி வெச்சிருந்த உத்தரவைக் கிழிச்சுப் போட்டார். தன்னோட வெள்ளிப்பூண் கைத்தடியைத் துபாசிக்குப் பரிசாக் கொடுத்தார். வரதப்பர் எப்போ எழுந்து போனார்னு யாருமே கவனிக்கலை.

குளம் தப்பிச்ச சந்தோஷத்திலே சூரியமூர்த்தி வீட்டுக்கு வந்தார். "அடியே பவளம், நாளைக்கு மறுபடி கணக்கெடுக்க வர்றாங்க. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிடு. இல்லேன்னா திரும்பவும் செத்துடுவேன்."

"அய்ய, அதெல்லாம் முடியாது. நான் அதே மாதிரி மேலேதான் காட்டுவேன்"னா பவளக்கொடி. "காட்டிட்டு, சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துடுவார்னு சேர்த்து எழுதிக்கச் சொல்றேன்."