சிவந்த திருநீறு

மருதவாணர் கண்ணாடியில் பார்த்தார். நெற்றியில் இட்ட திருநீறு சிவப்பாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி இட்டார். மறுபடியும் சிவப்பு.

மடத்தில் பூசைக்குப் பதிகம் பாடும் ஓதுவார் அவர். ஐந்து நாளுக்கு முன் குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் பின்மண்டையில் அடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரத்தக்கசிவு இல்ல. மூளை குலுங்கியிருக்கு" என்று சொல்லி, தினம் காலையில் ஒரு மாத்திரை போடச் சொன்னார். அன்றிலிருந்து பாட்டு வரி வரியாகக் காணாமல் போகிறது.

நேரே மடத்துக் குருவிடம் போனார். குரு அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர்.

"சாமி, மண்டைக்குள்ள ரத்தம் கசியுது. நெத்தி வழியா வருது."

"நெத்தி என்ன மண்பானையா ஓதுவாரே, கசியறதுக்கு?"

மருதவாணர் சிரிக்கவில்லை.

"எல்லாம் அந்த மாத்திரைதான். மறதி வரும்னு அதோட சீட்டுலயே போட்டிருக்கான். நாப்பது வருசமாப் பாடுற பதிகம், இன்னிக்கு மூணாவது வரியில நின்னுபோச்சு. மிச்சத்தையும் தின்னுடும் சாமி."

"தினம் போடுறீங்களா?"

"போடுறேன். மாத்திரை, தண்ணி, அப்புறம் திருநீறு. இந்த வரிசை மாறாது."

மாத்திரை அட்டையை நீட்டினார். ஐந்து குழி காலி. கணக்குச் சரி.

"இடுப்புல இருக்கிற திருநீத்துப் பையைக் குடுங்க."

குரு வாழையிலை ஒன்றை விரித்து அதில் பையைக் கவிழ்த்தார். சாம்பல் சரிந்தது. கூடவே சிவப்பு மாத்திரைகள் விழுந்தன. ஐந்து. ஓரமெல்லாம் சாயம் கரைந்து சாம்பலில் ஏறியிருந்தது. ஒன்றில் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

"யார் சாமி இதைப் போட்டது?"

குரு அவர் கையைச் சுட்டினார். மருதவாணர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். விரல் நுனி சிவந்திருந்தது. வேறு யாருடைய கையோ தன் தோளில் தொங்குவதுபோல் இருந்தது.

"நான் முழுங்கினேனே சாமி. தண்ணி தொண்டையில எறங்கினது ஞாபகம் இருக்கே."

"தண்ணி எறங்கியிருக்கு. மாத்திரை எறங்கல."

"அப்ப என் பாட்டைத் தின்னது எது?"

"விழுந்த அடியா இருக்கும். வண்டி வரச் சொல்றேன். டாக்டர்கிட்டயே கேப்போம்." குரு இலையை மடித்தார். "மாத்திரை போடப் பயமா இருந்தா நீங்களா நிறுத்த வேணாம், அன்னிக்கே வந்து கேளுங்கன்னு அவர் அப்பவே என் முன்னாடிதான் சொன்னார். நீங்கதான் சரின்னு தலையை ஆட்டினீங்க."