மூன்றாவது குட்டி

“தாய்ப்புலி ஓடிப்போச்சுங்க அம்மணி. ரெண்டு நாளா இந்தப் பக்கமே காணோம்” என்றார் பச்சைமுத்து.

காட்டுக் காவலுக்குப் புதிதாக வந்தவர் அவர். புலித்தடம் பார்க்க, இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த கெம்பியிடம்தான் பாடம். அவள் அவரைவிடப் பத்து வயது சின்னவள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இடுக்கு. அதில் மூன்று குட்டிகள். தாய் இல்லை என்று இவர் சொன்னால் போதும், கூண்டு வண்டி வந்துவிடும். அப்புறம் குட்டிகளுக்கு ஆயுசு முழுக்கக் கம்பிதான்.

“குட்டிங்க கத்துச்சா அண்ணா?”

“இல்லைங்க.”

“நான் தண்ணிக்குப் போனாலே என் பிள்ளை ஊரைக் கூட்டிருவான். இதுங்க பசியோட கம்முனு கிடக்குது. எப்படித்தான் சொல்லி வச்சிட்டுப் போறாளோ!”

இருவரும் இந்தக் கரையில் புதருக்குள் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பச்சைமுத்து பதறினார். “ஐயோ, ஒண்ணைக் காணோம்! சிறுத்தை கொண்டு போயிருச்சு!”

“சிறுத்தை ஒண்ணோட விடுமா? நேத்து நீங்க கிட்டப் போனீங்களா?”

அவர் தலை குனிந்தார்.

“பசிக்குமேன்னு... கொட்டாங்குச்சியில ஆட்டுப்பால் வச்சனுங்க.”

கெம்பி தலையில் அடித்துக்கொண்டாள். “புலிக்குட்டிக்கு ஆட்டுப்பாலா? நல்ல விருந்து! உங்க கைவாசம் பட்டிருச்சு. அதான் வீடு மாத்துறா.”

அப்போது அவள் வந்தாள்.

புதர் அசையவில்லை. சருகு நொறுங்கவில்லை. வெயில் எழுந்து நடந்த மாதிரி வந்து பாறைமேல் நின்றாள்.

கடமான் கழுத்தை ஒரே கடியில் முறிக்கிற வாய் அது. குட்டியின் பிடரியைக் கவ்வியது. ஒரு கீறல் இல்லை. குட்டி காலை மடக்கிக்கொண்டு துணிமூட்டை மாதிரி தொங்கியது.

பச்சைமுத்து தன்னை மறந்து எழுந்தார். கை இரண்டும் தானாகக் குவிந்தன.

புலி திரும்பி அவரைப் பார்த்தது. அடுத்த கணம் அங்கே பாறை மட்டும்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. ஒற்றைக் குட்டி இடுக்கில் கிடந்தது. தாய் வரவேயில்லை.

“வண்டிக்குச் சொல்லிரட்டுங்களா அம்மணி? இதையாவது காப்பாத்தலாம்.”

கெம்பி எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

“வாங்க, போலாம்.”

“அப்போ அந்தக் குட்டி?”

“அதுக்குத்தான்.”