உள்ளே போன லேபிள்

கோணமடைப் பேரூராட்சி அலுவலகத்தில், மேலிடத்து உத்தரவை ஓர் எழுத்துகூட மீறாத மூன்று பேர் இருந்தார்கள். ஊர் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம்.

இருதயராஜுக்குப் பார்வை கிடையாது. செல்போன் ரிப்பேரில் கெட்டிக்காரர். பேருந்து நிலையத்தில் காலியாக இருந்த பத்தாம் நம்பர் கடைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இணையப் படிவத்தைத் திறந்தால், போனின் குரல் "கட்டம், கட்டம், கட்டம்" என்றதே தவிர, எதில் பெயர், எதில் வயது என்று சொல்லவில்லை. நாலு மணிக்கு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

நுழைந்ததும் யாரோ அவர்மேல் மோதினார்கள்.

"யாருப்பா அது, பார்த்து வரக்கூடாதா?" என்றார் தலைமை எழுத்தர் கொண்டல்சாமி.

"எனக்குப் பார்வை இல்லை சார்."

"எங்களுக்கு மட்டும் இருக்கா? மூணு பேரும் துண்டால கண்ணைக் கட்டியிருக்கோம். படிவத்தைக் கண்ணை மூடிக்கிட்டு சோதிக்கணும்னு திங்கட்கிழமை உத்தரவு வந்துது."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். எப்போ அவிழ்ப்பீங்க?"

"அதைப்பத்தி உத்தரவுல ஒண்ணுமில்லையே."

இருதயராஜ் வந்த விஷயத்தைச் சொன்னார். "ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் வேணும் சார்."

"வெச்சாச்சே!" மூவரில் ஒருவரான பேச்சிமுத்து தடவித் தடவி இருதயராஜின் விரலைப் பிடித்துக் கம்ப்யூட்டர் திரைமேல் வைத்தார். காகிதத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. "இப்போ சொல்லுங்க, என்ன எழுதியிருக்கு?"

"வழவழன்னு இருக்கு."

"எங்களுக்கும் அப்படித்தான் இருந்துது. சோதனையில பாஸ்," என்றார் மூன்றாமவர் சிங்கராயன் திருப்தியாக.

இருதயராஜ் பொறுமையை இழுத்துப் பிடித்தார். "மேலே ஒட்டினா பிரயோஜனம் இல்லை சார். லேபிள் உள்ளே இருக்கணும்."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"உள்ளேன்னா, எவ்வளவு உள்ளே?"

"அங்கே அவர் விரல் எட்டாதேய்யா."

"நமக்கென்ன? கேட்டது அவருதானே."

திருகாணி கழலும் சத்தம் கேட்டது. "ஐயோ, அந்த உள்ளே இல்லை!" என்று இருதயராஜ் கத்துவதற்குள் படீரென்றது. கருகிய வாடை வந்தது.

"பத்திரமா உள்ளே வெச்சாச்சு," என்றார் பேச்சிமுத்து.

திரை செத்துவிட்டது. ஆனால் கீழே கம்ப்யூட்டர் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இருதயராஜ் விசைப்பலகையைத் தேடிப் பிடித்து, குரலை உசுப்பினார். "கட்டம்," என்றது அது.

"பேச்சிமுத்து அண்ணே, முதல்ல எந்த லேபிள் ஒட்டினீங்க?"

"பெயர்."

"அடுத்தது?"

"தகப்பனார் பெயர்."

ஒட்டிய வரிசை அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல இருதயராஜ் அடித்தார். ஐந்து மணியாக இரண்டு நிமிடம் இருக்கையில், "விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்றது குரல்.

இரண்டு வாரம் கழித்து மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இருதயராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் நாலு வீடு தப்பாகத் தட்டியிருந்தார்கள்.

"உத்தரவு வந்திருக்கு. நாங்களே படிச்சுக் காட்டணுமாம்," என்று கொண்டல்சாமி தாளைத் தடவினார்.

இருதயராஜ் ஓரடி முன்னால் வந்தார். "கடை கிடைச்சுதா சார்?"

"வழவழன்னு இருக்கு. கிடைச்ச மாதிரிதான் தெரியுது."

இருதயராஜ் தாளை வாங்கி போனின் கேமராவுக்கு நேரே பிடித்தார். "பத்தாம் நம்பர் கடை இருதயராஜுக்கு ஒதுக்கப்படுகிறது," என்று போன் கணீரென்று படித்தது.

அவர் சிரித்தே விட்டார். கொண்டல்சாமிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"அதென்ன, எல்லாரும் கண்ணைக் கட்டியிருக்கும்போது அது மட்டும் திறந்த கண்ணால படிக்குது? சிங்கராயா, இன்னொரு துண்டு எடு."