இரண்டு சிட்டிகை

ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் ஏறியிருந்தது.

நயினார் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் நாற்பது. இப்போது நூற்றுப் பத்து.

"இறங்கணுமே அம்மா. இறங்கித்தானே வந்தது?"

மங்கையர்க்கரசி அம்மாள் பாயில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வளையல் முழங்கை வரை வழுக்கி ஏறியது. போன மாதம் அது மணிக்கட்டோடு நின்றது.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பத்து நான்கு. சீடர் நயினாருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்திவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வந்தவர்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை ஒரு துளி போனாலும் உடம்பு தன் குடலையே தாக்கும். அந்தத் தாக்குதலின் அளவைத்தான் தாளில் இருந்த எண் காட்டியது. மருந்து கிடையாது. கோதுமையை விடுவதுதான் மருந்து. அன்றே ஆசிரமத்தில் சப்பாத்தி நின்றது, ரவை நின்றது. அம்மாவுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. சோறு, உப்புப் போட்டு வேகவைத்த காய். சாம்பாரும் ரசமும்கூட இல்லை.

நயினார் உள்ளே போய் ஒரு புட்டியோடு வந்தார்.

"இதுதான் அம்மா. இந்த மூணு மாசத்துல இதைத் தவிர புதுசா ஒண்ணும் உள்ள போகலை."

புரோபயாடிக் மாத்திரை. குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள். சாப்பிடலாம், ஆனால் கிருமியோடு வேறு என்ன சேர்த்து அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நயினார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான்கு கம்பெனிகளைத் தள்ளினார். நயினார் டப்பாவுக்கு ஜாதகம் பார்க்கிறார் என்று ஆசிரமமே சிரித்தது. ஐந்தாவது கம்பெனியிடம் கடிதமே எழுதி வாங்கினார்.

"குப்பையில போட்டுடவா?"

"கடுதாசியில என்ன எழுதியிருக்கு?"

"கோதுமை இல்லை. பார்லி இல்லை. மாவு சோளத்துல எடுத்தது. அந்த மிஷின்ல கோதுமை கலந்த எதையும் அடைக்கிறதில்லை."

"நீங்க நம்பலை."

"நம்பாமத்தானே அம்மா எழுதி வாங்கினேன்."

அம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நம்பாததை எல்லாம் படிச்சுட்டீங்க மருந்துக்காரரே. நம்புறதைக் காட்டுங்க."

"எதை?"

"மோரை."

நயினாருக்குச் சிரிப்புகூட வந்தது. "அது மோர் அம்மா."

அதுவும் அவர் கொண்டுவந்ததுதான். மாத்திரை தொடங்கிய அதே வாரம், இதிலும் நல்ல கிருமிதானே இருக்கிறது என்று மத்தியானம் ஒரு செம்பு கொடுக்க ஆரம்பித்தார். ருசி என்று அம்மாவின் நாக்கில் படுவது அது ஒன்றுதான். அந்த நேரத்துக்கு அவர் காத்திருப்பது நயினாருக்குத் தெரியும்.

"என் முன்னால கலக்குங்க. போடுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் போடுங்க."

இருவரும் சமையலறைக்குப் போனார்கள்.

"தயிர். நம்ம மாட்டுப் பால்."

"ம்."

"தண்ணி. கல்லுப்பு. இஞ்சி, நம்ம பாத்தியில பிடுங்கினது."

"ம்."

"கறிவேப்பிலை."

மத்து சுழன்றது. நுரை விளிம்புக்கு வந்து நின்றது. நயினார் செம்பில் ஊற்றி நீட்டினார்.

அம்மாள் வாங்கவில்லை. குனிந்து முகர்ந்தார்.

"ஒண்ணு சொல்லலை."

"எல்லாம் சொன்னேனே."

"வாய் சொல்லலை. கை போட்டுச்சு. ரெண்டு தடவை."

நயினார் தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டிவிரலிலும் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது.

"பெருங்காயமா? அது சும்மா வாசனைக்கு. அது இல்லாம எந்த வீட்டுல மோர் கலக்குறாங்க? வயித்துக்கு நல்லதுன்னுதான்..."

"டப்பாவைப் படிங்க."

நயினார் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். டப்பாவின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. வேட்டி நுனியால் துடைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சத்தமா."

"பிசின்" என்றார். அப்புறம் நிறுத்தினார்.

"அப்புறம்?"

"கோதுமை மாவு."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"மூணாவதாத்தான் பெருங்காயமே இருக்கு அம்மா."

லென்ஸ் கீழே விழுந்து உருண்டு அம்மியின் அடியில் போனது. நயினார் அதை எடுக்கக் குனியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு விரலையும் வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். தோல் சிவந்த பிறகும் துடைத்தார்.

"தினமும். என் கையால. நானே கொண்டுவந்து, நீங்க குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு..."

அம்மாளும் எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்த டப்பாவைக் கையில் எடுத்தார்.

"போன வாரம், வாசனை பத்தலை, இன்னொரு சிட்டிகை போடுங்கன்னு சொன்னது யாரு? நான்தானே?"

"அப்ப மாத்திரை?" என்று கேட்டார் நயினார்.

"அது பாவம். என்ன பண்ணிச்சு? டப்பாவையும் சேர்த்து எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட கேப்போம்."

நயினார் இடுப்பிலிருந்து சமையலறைச் சாவியை அவிழ்த்து அம்மாளின் முன்னால் வைத்தார். அது தரையில் படும் சத்தம்கூட வராதபடி வைத்தார்.

"நாளையிலேர்ந்து வேற யாராவது கலக்கட்டும் அம்மா."

அம்மாள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தென்னை அடியில் ஊற்றினார். திரும்பி வந்து, காலிச் செம்பை நயினார் மடியில் வைத்தார்.

"வேற யாரு கலந்தாலும் நான் டப்பாவைப் படிக்கணும். நீங்க கலந்தா இனி நீங்களே படிச்சுடுவீங்க."