மன்னர் இறங்கிய விதம்

மருதங்குன்றத்துக்காரர் ஒருவர் ரயிலில் சொன்ன கதை இது. அவருக்கு அவருடைய மாமனார் சொன்னாராம். இரண்டு கை மாறி வந்த சரக்கு. யார் எதைக் கூட்டினார்கள் என்று தெரியவில்லை. கேட்டபடியே தருகிறேன்.

மருதங்குன்றத்தை ஆண்டவர் மகுடேசுவர பூபதி. தேர்த் திருவிழாவன்று, ஊரே கூடியிருந்த கோயில் வாசலில், பட்டத்து யானை செல்லியின் மேலிருந்து குப்புற விழுந்தார். கிரீடம் உருண்டோடி ஒரு வெள்ளரிக்காய்க் கூடைக்குள் போய் உட்கார்ந்தது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னால் இன்னொரு யானையில் வந்த தளவாய் அனந்தப்பர் மட்டும் கையைத் தூக்கிக் கூவினார்: "மன்னர் இறங்கிவிட்டார்! மன்னர் வாழ்க!"

மன்னருக்கு அது தேனாக இனித்தது. மூக்கில் மண்ணோடு எழுந்து கையசைத்தார். மறுநாளே தண்டோரா போட்டார்கள். மன்னர் இறங்கினார் என்றே சொல்லவேண்டும்; விழுந்தார் என்று சொல்பவனின் நாக்கு அறுக்கப்படும்.

முதலில் மாட்டியவன் யானைப்பாகன் மூக்கன். "என்னப்பா நடந்தது?" என்று அரசியார் கேட்க, "தாயே, செல்லி உட்காரும் முன்னாலேயே ராஜா காலைத் தூக்கிட்டாங்க. விழுந்துட்டாங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். சிறையில் போட்டு, நாக்குக்கு நாள் குறித்தார்கள்.

அரண்மனை விகடர் குழந்தைவேலருக்குச் சோறு செல்லவில்லை. மூக்கன் அவர் தெருக்காரன். அவனுக்காக நேரே கெஞ்சினால் தம் நாக்கும் போகும். அந்த நாக்கை வைத்துத்தான் அவருக்குப் பிழைப்பே.

அப்போதுதான் அந்தச் சபையின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. மன்னர் எப்படியோ, சபையும் அப்படியே. ஒருமுறை மன்னர் சளிக்காகத் தலையில் கம்பளி சுற்றினார். சித்திரை வெயிலில் சபை முழுக்கக் கம்பளி. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் அனந்தப்பர்தான்.

மறுநாள் சபையில் குழந்தைவேலர் எழுந்தார்.

"மன்னா, ஒரு ராஜத்துரோகம் நடந்திருக்கிறது."

"யார் செய்தது?"

"தளவாய். திருவிழாவில் தாங்கள் இறங்கிய பிறகு இவரும் இறங்கினார். எப்படி? யானையை உட்கார வைத்து, ஒவ்வொரு காலாக ஊன்றி, பழைய முறையில்! மன்னர் இறங்கிய விதம் இவருக்குப் பிடிக்கவில்லை போலும்."

மன்னரின் முகம் சிவந்தது. "அப்படியா, தளவாய்?"

"ஐயோ பிரபு! அதைவிட அழகாக யாரால் இறங்க முடியும்?"

"அப்படியானால் இறங்கிக் காட்டுங்கள். தலை முன்னால், கால் பின்னால். தரையில் முதலில் மூக்கு படவேண்டும்" என்றார் குழந்தைவேலர்.

செல்லியை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கன் இல்லாமல் அது உட்கார மறுத்தது. ஏணி வைத்துத் தளவாயை ஏற்றினார்கள். பிறகு ஏணியை எடுத்துவிட்டார்கள்.

தளவாய் கீழே எட்டிப் பார்த்தார். "பிரபு, கல் தரை..."

"மன்னர் தரையைப் பார்த்தா இறங்கினார்?" என்றார் குழந்தைவேலர்.

செல்லி காதை விசிறிக்கொண்டு ஓர் அடி நகர்ந்தது. தளவாய் கயிற்றைக் கட்டிப்பிடித்து அலறினார்: "ஏணி! ஏணியைக் கொண்டாங்கடா! மன்னர் மாதிரியே நானும் விழுந்துடுவேன்!"

சபையார் எல்லாரும் மன்னரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மன்னா, இப்போது அறுக்க வேண்டிய நாக்கு இரண்டு" என்றார் குழந்தைவேலர். "தளவாயுடையது கொஞ்சம் நீளம். அதிலிருந்தே தொடங்கலாமா?"

மன்னர் மீசையைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விழுந்தேன் ஐயா, விழுந்தேன்! மூக்கு இன்னும் வலிக்கிறது. மூக்கனை விடுங்கள். விகடருக்கு என் சால்வையைக் கொடுங்கள்."

"தளவாய்?"

"மேலேயே இருக்கட்டும். மூக்கன் வந்து, மனசிருந்தால் இறக்கிவிடுவான்."

பின்னொரு நாள் மருதங்குன்றம் போய் விசாரித்தேன். அப்படி ஒரு மன்னரையோ யானையையோ அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் ஒருவர் படி தவறி உருண்டார். யாரும் சிரிக்கவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"என்ன மாமா, இறங்கிட்டீங்களா?"